மார்கழியில எந்தக் கடல்?

கேள்வி, நவம்பர் 11, 2023

ஸ்காபரோவில இருந்து எழுதுறன். பிள்ளைகளுக்கு டிசம்பர் 23 தொடக்கம் ஜனவரி 7 வரைக்கும் லீவு. நாங்கள் இரண்டு பேர், 13 வயது மகள், 9 வயது மகன், அம்மா. அம்மாவின்ர ஊர் திருகோணமலை. நிலாவெளியில 10 நாள் நிண்டு, புறாத்தீவில ஸ்னோக்கிளிங் செய்து, திமிங்கிலம் பார்த்து, மிச்ச நேரம் கடலுக்குள்ளேயே கிடக்கிறது எண்டு பிளான். ஹொட்டேல் பாதி விலைக்குக் கிடைக்குது. புக் பண்ணவோ அண்ணை ஆக்கள்?

நவம்பர் 11, இரவு

பண்ணாதேங்கோ.

பாதி விலைக்கு ஏன் தாறாங்கள் எண்டு ஒருக்கா யோசியுங்கோ தங்கச்சி. மிச்சம் நாளைக்கு எழுதுறன். விடிஞ்சால் தீபாவளி, மனுசி பலகாரத்துக்கு மா இடிக்கச் சொல்லி நிக்கிறா. கொழும்பில ஆர் மா இடிக்கிறது எண்டு கேட்டால் நான்தானாம்.

நவம்பர் 12

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை. இப்ப வெள்ளவத்தையில 20 வருசத்துக்கு மேல. ஊரைக் குறைச்சுச் சொல்ல வாய் வராது, ஆனா மார்கழியில நிலாவெளிக் கடல் குளிக்கிற கடல் இல்லை. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடைக்காற்று. எங்கட ஊரில ஒரு வருசத்துக்கு விழுகிற மழையில பாதிக்கு மேல அந்த நாலு மாதத்துக்குள்ளதான் விழும். தண்ணி மண்ணிறமாக் கிடக்கும். புறாத்தீவு கரையில இருந்து ஒரு கிலோமீற்றர்தான், கையை நீட்டினால் தொடலாம் போலத் தெரியும். ஆனா வள்ளக்காரர் வள்ளத்தைத் தென்னைக்குக் கீழ இழுத்துவிட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டு இருப்பினம். அந்தத் தீவுக்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும்தான் காலம்.

நாடு சின்னன், ஆனா கடல் இரண்டு. சோழகம், தென்மேற்குக் காற்று, அடிக்கேக்க தெற்கும் மேற்கும் குழம்பிப்போய்க் கிடக்கும், கிழக்கு கண்ணாடி. வாடை தொடங்கினால் மறுவளம். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்துக் கடற்தொழிலாளர் சித்திரை முடிய வலை, வள்ளம், சட்டி பானை எல்லாத்தையும் லொறியில ஏத்திக்கொண்டு எங்கட பக்கம் வந்து வாடி, தற்காலிகக் கொட்டில், போடுவினம். ஐப்பசி பிறக்க வாடியைப் பிரிச்சுக்கொண்டு வீட்டுக்குப் போயிடுவினம். அவை போய் முடிஞ்ச பிறகு நீங்கள் கிழக்குக்கு வாறன் எண்டு நிக்கிறியள்.

தெற்குக்குப் போங்கோ. ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ. எங்க நிண்டாலும் மற்றது ஒண்டரை மணித்தியாலத்துக்கு உள்ளதான். திமிங்கிலமும் இப்ப அங்கதான். எங்கட பக்கம் பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம்.

நவம்பர் 14

அம்மா கோவிக்கிறா எண்டு எழுதியிருக்கிறியள். "சிங்கள ஊரில எனக்கென்ன வேலை?" எண்டு கேட்டவவாம். அம்மாட்ட இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

மாத்தறைக்கு அங்கால தெவிநுவர எண்டு ஒரு ஊர், நாட்டின்ர தெற்கு முனை. பழைய தமிழ்ப் பேர் தெனவரை. பஞ்ச ஈச்சரங்களில ஒண்டான தொண்டேஸ்வரம் நிண்ட இடம். 1588இல போர்த்துக்கேயர் அந்தப் பெரிய கோயிலை இடிச்சுப்போட்டாங்கள். இப்ப அங்க விஷ்ணு தேவாலயம். 1911இல காலி ரவுனுக்குள்ள ஒரு மதகுக்கு மூடியாக் கிடந்த கல்லொண்டைக் கிளப்பிப் பார்த்தால் அதில மூண்டு மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டது. சீனத்தில புத்தருக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு, தமிழில தெனவரை நாயனாருக்கு. மூண்டு பேருக்கும் காணிக்கை கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி எண்டு. ஒருத்தரையும் கோவிக்க விடேல்லை மனுசன். கல் இப்ப கொழும்பு மியூசியத்தில. நான் பள்ளிக்கூடத்தில இருந்து போனபோது பார்த்தனான், அப்ப எனக்கு அது ஒரு கறுப்புக் கல்.

இன்னொண்டு. உனவட்டுனவுக்குப் பக்கத்து மலை ரூமஸ்ஸல. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு வரேக்க ஒரு துண்டு விழுந்த இடமாம். "ஒன்ன வட்டுனா", அந்தா விழுந்தது, அதுதான் உனவட்டுன ஆச்சுது எண்டு அங்கத்தைச் சனம் சொல்லும். கோணேசர் கோயிலடியில எங்களிட்ட இராவணன் வெட்டு இருக்கு, அவையிட்ட அனுமார் போட்டது இருக்கு. கணக்குச் சரி.

நவம்பர் 19

பிள்ளைகள் என்ன செய்யலாம் எண்டு கேட்டது. கனக்க இருக்கு, ஆனா நான் செய்து பார்த்ததை மட்டும் எழுதுறன்.

திமிங்கிலம்: மிரிஸ்ஸவில இருந்து விடிய 6.30 போல படகு. அந்தக் கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் கிடுகிடெண்டு ஆழமாப் போகுது. அதாலதான் உலகத்திலேயே பெரிய பிராணியான நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருது. கார்த்திகை தொடக்கம் சித்திரை வரைக்கும் காலம். போனால் நிச்சயம் பார்க்கலாம்.

அலைச்சறுக்கு: வெலிகம. குடா வளைஞ்சு கிடக்கிறதால அலை சின்னன், அடியில மணல், விழுந்தாலும் கல்லில அடிபடாது. கரை முழுக்கப் பலகை வாடகைக்கு விடுற பெடியள். அறுகம்பே பெரிய பேர் எடுத்த இடம்தான், ஆனா அதுவும் கிழக்கு, அதுவும் கோடைக்குத்தான்.

சின்னவருக்கு மாத்தறை பொல்ஹேன. கல்பார் மறிச்சு நிக்கிறதால உள்ளுக்குத் தண்ணி குளம் மாதிரி, இடுப்பளவு. மாஸ்க் போட்டுக் குப்புறக் கிடந்தால் மீன் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. ஹிக்கடுவவிலயும் ஆமை கரைக்கே வரும். ஆனா அங்க பாசியைக் காட்டிக் கூப்பிட்டு முதுகில கை வைக்கிற கூத்து நடக்குது, அதுக்குப் பிள்ளைகளை விடாதேங்கோ. ஆமைக்குஞ்சைத் தொட்டியில அடைச்சு வச்சு, கையில தந்து படம் எடுக்க விடுற இடங்களும் ரோட்டுக்கரையில இருக்கு. பொரிச்ச குஞ்சு அண்டிரவே கடலுக்குப் போகவேணும். உங்களுக்குக் காட்டுறதுக்காண்டி அது வட்டத் தொட்டிக்குள்ள நாள்கணக்காச் சுத்திக்கொண்டு கிடக்கு.

நவம்பர் 20

நேற்று எழுதினதை மனுசி வாசிச்சுப்போட்டு, "மழையே இல்லை மாதிரி எழுதியிருக்கிறியள், 2019இல காலியில நனைஞ்சது மறந்துபோச்சோ?" எண்டா. சரி. மார்கழியில தெற்கிலயும் மழை வரும். ஆனா பின்னேரம் இடிச்சு முழங்கி ஒரு மணித்தியாலம் பெய்து விட்டிடும். காலமை வெயில். எங்கட ஊர் மழை அப்பிடி இல்லை, வந்து வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு எழும்பாத விருந்தாளி. கடல் வேலை எல்லாத்தையும் மத்தியானத்துக்கு முதல் முடிச்சுப்போட்டு, பின்னேரம் காலிக் கோட்டை மதிலில நடவுங்கோ.

டிசம்பர் 3

சுருக்கமா. விமான நிலையத்தில இருந்து மாத்தறை வரைக்கும் கொழும்புக்குள்ள போகாமலே ஹைவேயில போகலாம், வான்காரர் "ரவுனுக்குள்ளால போவம்" எண்டால் மறியுங்கோ. ஒரு நாளைக்காவது கொழும்புக் கோட்டையில இருந்து காலிக்கு ரயிலில போங்கோ, வலது பக்கம் இருந்தால் கடல் காலடியில. டிசம்பர் 26 போயா, பௌர்ணமி நாள், அண்டைக்குத் தண்ணி விக்கமாட்டாங்கள், உங்கட அவரிட்ட முதலே சொல்லி வையுங்கோ.

கடலில கொடி பார்த்து இறங்குங்கோ. சிவப்பெண்டால் இல்லை. மிரிஸ்ஸவிலயும் ஹிக்கடுவவிலயும் உள்ளுக்கு இழுக்கிற நீரோட்டம் இருக்கு. அலை உடையாமல் வடிவா அமைதியாத் தெரியிற துண்டுதான் அனேகமா இழுக்கிற துண்டு. இழுத்தால் கரைக்கு நேர நீந்தாதேங்கோ, பக்கவாட்டா நீந்தி வெளிய வந்திட்டுப் பிறகு திரும்புங்கோ. இதை 13 வயது மகளுக்குச் சொல்லிக் குடுங்கோ, அந்த வயதுதான் கேக்காத வயது.

டிசம்பர் 17

லண்டனில இருந்து மச்சான் குடும்பம் வருது. அவைக்கும் இந்தத் திரியையே அனுப்பினனான். "நீயும் வா, நீ எழுதினது சரியோ எண்டு பார்ப்பம்" எண்டார். 24ஆம் திகதி உனவட்டுன. இனி நான் எழுதினதுக்கு நானே சாட்சி.

டிசம்பர் 26, ஹிக்கடுவ

இண்டைக்குக் கடலில இறங்கேல்லை.

காலமை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிச மௌனம். நாங்கள் பெரலியவில நிண்டனாங்கள். 2004 சுனாமியில, கொழும்பில இருந்து வந்த ரயிலைக் கடல் தூக்கி அடிச்ச இடம். ஆயிரத்துக்கு மேல சனம் அந்தப் பெட்டிகளுக்குள்ள. எஞ்சினைத் திருத்தி எடுத்திட்டாங்கள், அதின்ர பேர் "மனிற்றோபா". 1950களில கொழும்புத் திட்டத்தில கனடா குடுத்த எஞ்சின்கள், ஒவ்வொண்டுக்கும் ஒரு மாகாணத்தின்ர பேர். கனடாவில இருந்து வாசிக்கிறவைக்காக எழுதுறன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியும் போயா. 19 வருசத்துக்கு ஒருக்கா நிலவு அதே திகதிக்கு வரும் எண்டு மச்சான் சொன்னார், கணக்கு வாத்தியார். அண்டைக்கு நான் எங்க நிண்டனான் எண்டு பிள்ளைகள் கேட்டுதுகள். உப்புவெளியில, கூரையில. வேற ஒண்டும் சொல்லேல்லை.

டிசம்பர் 28, மிரிஸ்ஸ

நவம்பர் 19இல "நிச்சயம் பார்க்கலாம்" எண்டு எழுதின மனுசனைப் பிடிச்சுக் கடலில போடுங்கோ.

விடிய ஐஞ்சுக்கு எழும்பி, 6.30க்குப் படகில ஏறி, ஆள் எண்ணி, அங்கி கட்டி, மேல்தட்டில முன்வரிசை பிடிச்சு இருந்தம். முதல் ஒரு மணித்தியாலம் சொர்க்கம். தொண்ட்ரா, அதுதான் தெவிநுவர, வெளிச்சவீடு ஊசி மாதிரிச் சின்னனாகிப் போகுது, பறவைமீன் கூட்டமாக் கிளம்பிப் பறக்குது. பிறகு எஞ்சினை நிப்பாட்டி, "காத்திருப்பம்" எண்டாங்கள். நிண்ட படகு ஆடுற ஆட்டம் ஓடுற படகில இல்லை. மச்சானின்ர மகன் தொடங்கினார், பிறகு மச்சாள், பிறகு பின்னால இருந்த ஒரு ஜேர்மன் சோடி. நீலக் கலரில ஒரு பொலித்தீன் பை கட்டுக்கட்டா வச்சிருக்கிறாங்கள், அதைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேணும். மச்சான் மட்டும் ஒண்டும் செய்யேல்லை, இஞ்சி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அந்த மணத்தில நானும்.

ஐஞ்சு மணித்தியாலம். பார்த்தது: ஓங்கில் (டொல்பின்) கூட்டம், வலு வடிவு, வளையம் வளையமாச் சுத்திப் பாயுதுகள். திமிங்கிலம் எண்டு தூரத்தில ஒருக்கால் ஒரு புகை. உடன வயர்லெஸ்ஸில கத்திக்கொண்டு எல்லாப் படகும் அந்தத் திசைக்குப் பறந்துதுகள். கிட்டப் போக முதல் அது தண்ணிக்குள்ள தாண்டுபோச்சுது. நானெண்டாலும் தாண்டிருப்பன். நூறு மீற்றருக்குள்ள போகக்கூடாது எண்டு சட்டம் இருக்கு, அளக்கிறதுக்குத்தான் அங்க ஒருத்தரும் இல்லை. அதுகளின்ர பாதைக்குப் பக்கத்திலதான் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போற பெரிய கப்பல்களின்ர பாதையும். மேல கப்பல், சுத்திவர எங்களைப் போல சத்தி எடுக்கிற கூட்டம்.

காசு வாங்கேக்க, திமிங்கிலம் காணாட்டி அடுத்த நாள் சும்மா கூட்டிக்கொண்டு போறம் எண்டவை. கரைக்கு வந்து கேட்டால், ஓங்கிலும் திமிங்கிலச் சாதிதானாம். விலங்கியல்படி சரி. பேர் எழுதமாட்டன். எழுத்தில வாங்கிக்கொண்டு ஏறுங்கோ, குளிசையை ஏற முதலே போடுங்கோ, ஏறின பிறகு போட்டால் அது நீலப் பைக்குள்ளதான் போகும்.

டிசம்பர் 28, இரவு

தங்கச்சி, நீங்கள் நேற்றுப் போய் இரண்டு பார்த்தனீங்கள் எண்டு படம் போட்டிருக்கிறியள். வால் தண்ணிக்கு மேல நிக்கிற படம். சந்தோசம். மச்சானுக்குக் காட்டேல்லை.

டிசம்பர் 30

லிஸ்ற்றில இல்லாத ஒண்டு. நேற்றுக் காலமை வெலிகமவுக்கு அலைச்சறுக்குக்கெண்டு போற வழியில, ரோட்டில இருந்து பார்த்தால் ஒரு இருபது பேர் கயிறு இழுக்கினம். கரைவலை. அவை "மாதெல்" எண்டு சொல்லுவினம். வானை நிப்பாட்டிப் போனம். எங்கட பக்கம் கரைவலை கோடைக்குத்தான், இஞ்ச இப்பதான் காலம், கடல் மாற வலையும் மாறுது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிக்க, ஒரு கிழவர் வாயால ஒண்டும் சொல்லாமல் தலையால கயிற்றைக் காட்டினார். உடன பிடிச்சிட்டுதுகள்.

கயிறு தும்புக்கயிறு, என்ர மணிக்கட்டு மொத்தம், ஊறி வழுவழுப்பாக் கிடந்தாலும் உள்ளங்கையைக் கீறும். கையால இழுக்கிறது இல்லை. இடுப்பில ஒரு பட்டி, அதில இருந்து சின்னக் கயிறொண்டு, அதின்ர முடிச்சைப் பெரிய கயிற்றில ஒரு சுத்துச் சுத்தி மாட்டிப்போட்டு உடம்பைப் பின்னுக்குச் சாய்ச்சு நடக்கிறது. மேல போய் முடிய, கழட்டிக்கொண்டு திரும்பத் தண்ணிக்குக் கிட்ட வந்து மாட்டுறது. அவை "ஹெலெய்யா" எண்டு இழுக்க, என்ர வாயில தன்பாட்டில "ஏலேலோ" வந்திட்டுது. கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். "திருகுணாமலே?" எண்டார். அவர் இளந்தாரியாக இருக்கேக்க எங்கட பக்கம் வாடியில இருந்தவராம், புல்மோட்டையில. தமிழில மீன் பேர் முழுக்கத் தெரியும், வேற சொல்லு ஒண்டும் தெரியாது. சூடை, நெத்தலி, பாரை, கும்பளா எண்டு அவர் சொல்ல நான் தலையாட்டினன். அதுதான் எங்கட கதை.

ஒண்டரை மணித்தியாலம் இழுத்து மடி கரைக்கு வந்தால், நெத்தலி ஒரு மூண்டு கூடை, சூடை கொஞ்சம், சொறிமுட்டை நிறைய, ஒரு காலணி, தண்ணிப் போத்தல்கள். மச்சானின்ர மகளுக்கு ஒரு பொலித்தீன் பை நெத்தலி பங்கு குடுத்தார். வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது, இழுத்தவைக்குப் பங்கு உண்டு. ஹொட்டேல் குசினியில குடுத்துப் பொரிச்சம்.

அலைச்சறுக்கு பற்றி: செய்தனாங்கள். இரண்டாவது மணித்தியாலத்தில பிள்ளைகள் எழும்பி நிண்டுதுகள். நான் பலகையில படுத்துக்கொண்டு கரைக்கு வந்தனான், அதையும் எண்ணலாம் எண்டு பெடியன் சொன்னவர். காசு வாங்கிறவர்தானே.

ஜனவரி 1, 2024

நாங்கள் நிக்கிற வீட்டுக்கார அம்மா விடிய கிரிபத்தும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து தந்தா. மாமி திங்கட்கிழமை சைவம், பாற்சோறுதானே எண்டு வடிவாச் சாப்பிட்டா, சம்பலை இரண்டு தரம் கேட்டு வாங்கினா. சாப்பிட்டு முடிய மச்சாள் ஆங்கிலத்தில கேட்டிருக்கிறா, சம்பலுக்கு என்ன போடுறது எண்டு. மாசிக் கருவாடு. மாமிக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. மாமி இணையத்தில இல்லை, அதால எழுதுறன்.

ஜனவரி 5

தங்கச்சி எழுதினது: கடைசி மூண்டு நாளும் அம்மா பிடிவாதம் பிடிச்சு எல்லாரையும் திருகோணமலைக்கே கொண்டுபோயிட்டா. மூண்டு நாளும் மழை. கடலில கால்கூட நனைக்கேல்லை. "நீங்கள் சொன்னது சரி அண்ணை, ஆனா அம்மாவுக்கு இதுதான் ஹொலிடே" எண்டு.

வாசிச்சுப்போட்டுக் கனநேரம் இருந்தன். நவம்பரில நான் கடலுக்குப் பதில் சொன்னன். அம்மா கடலையே கேக்கேல்லை. கன்னியாவில ஏழு கிணறும் மழைக்குள்ள ஆவி பறக்குமாம், ஒரு கிணற்றில வாளி அள்ளித் தலையில ஊத்தினால் மற்றக் கிணற்றுச் சூடு வேறயாம், சின்னவர் ஏழையும் சுத்திச் சுத்தி அளந்து திரிஞ்சவராம். அப்பா மோசம்போன பிறகு அந்தியேட்டிச் சடங்கு அங்க செய்யேலாமல் போனது, அம்மாவுக்கு அது மனதில கிடந்திருக்கு. கோணேசரடியில வாடைக்காற்றில குடை மறுபக்கம் பிரிஞ்சு போனதாம், கோட்டைக்குள்ள மான் வந்து மகளின்ர கையில வாழைப்பழம் வாங்கித் திண்டதாம்.

உதை எல்லாம் முதலே எழுதியிருக்கலாம் எண்டு எனக்குத் தோன்றேல்லை. சீ, திருத்துறன்: எழுதியிருக்க வேணும். மழைக்கு ஊர் வடிவு. பெரிய அலை இராவணன் வெட்டுக்குக் கீழ வந்து அடிக்கிற சத்தம் கோடையில வர்றவைக்குக் கேக்காது. ஆனா நிலாவெளியில 10 நாள் எண்டால் இப்பவும் வேண்டாம்தான்.

ஜனவரி 15, வல்வெட்டித்துறை

மார்கழி, தை விடுமுறைக்குக் கடற்கரை எண்டால் இதை நான் முதலில எழுதியிருக்கலாம், ஏனோ குளிக்கிறதையே யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன். ஒருத்தரும் குளிக்காத கடற்கரை. பொங்கல் பின்னேரம் பட்டப்போட்டி. எந்த வாடையால நிலாவெளி கெட்டுப்போகுதோ, அதே வாடையிலதான் இது நடக்குது.

கப்பல் பறக்குது, யானை பறக்குது, கதவு திறந்து உள்ளுக்க இருந்து இன்னொண்டு வெளிய வருது. எனக்கு உதுகளில பெரிய ஈடுபாடு இல்லை. சும்மா கொக்குப் பட்டம், எட்டுமூலை, அதில விண் பூட்டினது, அதுதான் பட்டம். பார்சல் கட்டுற நாடாவைப் பிளேட்டால மெல்லிசாச் சீவி, மூங்கில் வில்லில இழுத்துக் கட்டிப் பட்டத்தின்ர தலையில வைப்பாங்கள். காற்றுப் பட உறுமத் தொடங்கும். சீவினது ஒரு நூல் மொத்தம் கூடினால் சத்தம் கட்டைக்குரல், குறைஞ்சால் கீச்சு. எனக்குப் பக்கத்தில நிண்ட பெடியன் மூண்டு நாடா மாத்தினார், ஒவ்வொருக்கால் மாத்தியும் கயிற்றைக் காதில வச்சுக் கேட்டார், சத்தம் கயிற்றால கீழ வருது. எனக்கும் தந்தார். பல்லுக்குள்ள கேட்டுது.

2021 மார்கழியில பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியன் பட்டக் கயிற்றோட மேல போன வீடியோ உலகம் சுத்தினது ஞாபகம் இருக்கோ? அப்ப ஸ்காபரோவில சிரிச்சிருப்பியள். இண்டைக்கு ஐஞ்சு பேர் பிடிச்ச கயிற்றை நானும் ஆறாவது ஆளாப் பிடிச்சன். பகிடி இல்லை.

இரவு பட்டத்தை இறக்கமாட்டாங்கள். கட்டிவிட்டிட்டுப் படுத்திடுவாங்கள். இப்ப மணி பதினொண்டு, நான் நிக்கிற வீட்டுக்கு மேல இரண்டு விண் கூவுது, ஒண்டு மற்றதுக்குச் சுதி பிசகு.

ஜனவரி 16

ஓம், நித்திரை இல்லை.

ஆகஸ்ட் 18, 2024, நிலாவெளி

தங்கச்சி குடும்பம் சொன்னபடி வந்திட்டுது, இந்த முறை காலம் பார்த்து. என்னையும் கூப்பிட்டவை, முகம் பார்த்தது இண்டைக்குத்தான். நான் நினைச்சதைவிட உயரம். நான் அவை நினைச்சதைவிட மொட்டை.

காலமை 8 மணிக்கெல்லாம் புறாத்தீவில இறங்கிட்டம். பத்துக்குப் பிறகு போனால் மீனைவிடச் சனம் கூட. ரிக்கெற் கனடாப் பாஸ்போட்டுக்கு வேற விலை, எனக்கு வேற விலை, அதில ஒரு கதை போச்சுது. தண்ணி தட்டில விட்ட மாதிரி. பவளக்கல்லு உடைஞ்சு கரை முழுக்க விரல் விரலாக் கிடக்கு, செருப்பில்லாமல் நடக்கேலாது, கொண்டுவாங்கோ. மகள் இறங்கி ஐஞ்சு நிமிசத்தில கறுப்புமுனைச் சுறா மூண்டு பார்த்திட்டா, தன்ர அளவுகூட இல்லை, தன்னைக் கண்டு திரும்பி ஓடிட்டுதுகள் எண்டு கோவிக்கிறா. சின்னவர் முழங்கால் தண்ணியில நிக்கிறார். மாஸ்க் நெத்தியில. சுறா இருக்கிறது எனக்கு முதலே தெரியுமோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். அப்ப ஏன் நவம்பரில எழுதேல்லை எண்டார்.